2015 வெள்ளமும் நம் ஹால் சாவியும்
(பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியது)



2015 டிசம்பர் 1. தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. மழை. செம்பரம்பாக்கம் ஏரியில் திறந்த தண்ணீரும் சேர்ந்து அடையாறு கரை மீறியது. அப்போது நான் சைதாப்பேட்டையில், தரைத்தள வாடகை வீட்டில் இருந்தேன். இடுப்பளவு தண்ணீரில் மனைவியைப் பிடித்துக்கொண்டு நடந்து, மெழுகுவர்த்தி வெளிச்சம் தெரிந்த ஒரு சர்ச்சுக்குள் ஏறினோம்.

பெஞ்சுகளை ஓரம் தள்ளிப் பாய் விரித்திருந்தார்கள். ஒரு அம்மா நோட்டுடன் வந்தார். வங்கி குமாஸ்தா புத்தி, பெயர், முகவரி, அடையாள அட்டை கேட்பார் என்று சட்டைப்பையைத் துழாவினேன். அவர் கேட்டது இரண்டே: "பிரஷர், சர்க்கரை மாத்திரை ஏதாவது வேணுமாங்க? கைக்குழந்தை இருக்கா?"

மூன்று நாள் தங்கினோம். வெளியே பால் பாக்கெட் நூறு ரூபாய். உள்ளே குழந்தைகளுக்குப் பால் இருந்தது. என் நெற்றியில் திருநீறு. பக்கத்துப் பாயில் ஒரு பாய். அவர் தொழ ஒரு மூலையை ஒழித்துக் கொடுத்தார்கள். ஜெபத்துக்கு வாருங்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை. பள்ளிவாசல்களும் கல்யாண மண்டபங்களும் அந்த வாரம் திறந்துதான் இருந்தன. நான் இருந்த இடத்தைச் சொல்கிறேன்.

போன மழையில் பின்தெருக்காரர்கள் நம் கேட்டருகே நனைந்து நின்றார்கள். முதல் மாடி ஹால் பூட்டியிருந்தது. சாவி வெளியூர் போனவரிடம். நானும் பால்கனியில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

மாற்றுச் சாவி ஒன்று வாட்ச்மேனிடம் இருக்கட்டும் என்று தீர்மானம் எழுதியிருக்கிறேன். ஞாயிறு காலை கையெழுத்து வாங்க உங்கள் வீட்டுக்கு வருவேன்.