மார்பக பயொப்சியும் இரத்தம் உறையாமல் எடுக்கும் குளிசையும்

(நூற்றாண்டு விழாவையொட்டிய சுகநலக் கருத்தமர்வில் ஆற்றிய உரை)



மார்பகப் புற்றுநோய் பற்றிப் பேசும்படி சங்கத்தினர் கேட்டார்கள். இலங்கைப் பெண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் அதுதான். அதில் ஒரு சிறு பகுதியை மட்டும் இன்று எடுத்துக்கொள்கிறேன். இச்சபையில் இருப்போரிலும் இம்மலரைத் தூர தேசங்களில் படிக்கப்போகும் சகோதரிகளிலும் ஐம்பதைத் தாண்டியவர்கள் பலர். அவர்களோ அவர்களுடைய தாய்மாரோ இரத்தம் உறையாமல் இருக்கக் குளிசை எடுப்பவர்களாக இருக்கலாம். அப்படியான ஒருவருக்கு மார்பில் கட்டி தென்பட்டு, ஊசியால் சதை எடுத்துச் சோதிக்க வேண்டும் என்று வைத்தியர் சொன்னால் என்ன செய்வது?

ஒரே ஆண்டில் இரண்டு அம்மாமாரைக் கண்டேன். ஒருவருக்கு இருதயத்தில் செயற்கை வால்வு. பயொப்சிக்குத் திகதி கிடைத்ததும், யாரையும் கேளாமல் ஐந்து நாள் வோர்பரின் குளிசையை நிறுத்திவிட்டு வந்திருந்தார். பயொப்சி ஊசியைவிட அந்த ஐந்து நாட்களே அவருக்குப் பெரிய ஆபத்து. உடனே இருதய நோய்ப் பிரிவுக்கு அனுப்பினோம். நல்ல காலம், வால்வில் இரத்தம் கட்டியிருக்கவில்லை. மற்றவர், “குளிசை எடுக்கிற உங்களுக்கு ஊசி குத்த ஏலாது” என்று அயலவர் ஒருவர் சொன்னதை நம்பி, எட்டு மாதம் பேசாமல் இருந்துவிட்டார். வந்தபோது கமக்கட்டிலும் கட்டி இருந்தது.

இருவருக்கும் இருந்தது ஒரே பயம்தான்: இரத்தம் நிற்காமல் ஓடிவிடும் என்பது. அந்தப் பயத்தைச் சற்று அளந்து பார்ப்போம்.

மார்பகம் உடலின் மேற்பரப்பில் இருக்கிறது. பின்னால் விலா எலும்புகள் இருக்கின்றன. இரத்தம் கசிந்தால் விரல்களால் அழுத்தி நிறுத்தலாம். ஈரலில் ஊசி குத்தினால் அவ்விடத்தை இப்படி அழுத்த முடியாது. வேறுபாடு அதுதான். வழமையான கோர் பயொப்சி ஊசி ஏறத்தாழ 2 மில்லிமீற்றர் தடிப்பானது. தோலை விறைக்கச் செய்து, ஸ்கானில் பார்த்தபடியே குத்துவோம். அஸ்பிரின், குளோபிடோகிரெல், வோர்பரின் எடுப்பவர்களில் கண்டல் சற்றுக் கூடுதலாக வரும். சிகிச்சை தேவைப்படும் அளவுக்கு இரத்தம் கட்டுவது அரிது. ஆகவே, இந்த பயொப்சிக்குப் பெரும்பாலும் குளிசையை நிறுத்த வேண்டியதில்லை.

நிறுத்தினால் என்ன நடக்கும்? ஸ்டென்ட் வைத்த சில மாதங்களுக்குள் குளோபிடோகிரெலை விட்டால், ஸ்டென்ட் அடைபட்டு மாரடைப்பு வரலாம். வால்வு உள்ளவருக்கும் இருதயத் துடிப்பு ஒழுங்கற்றவருக்கும் பாரிசவாதம் வரலாம். கண்டல் இரண்டு வாரத்தில் நீலம், பச்சை, மஞ்சள் என்று நிறம் மாறி மறைந்துவிடும். பாரிசவாதம் அப்படி மறையாது.

வோர்பரின் எடுப்பவரிடம் அண்மையில் பார்த்த ஐ.என்.ஆர். அளவைக் கேட்போம். பெரும்பாலானோருக்கு அது 2க்கும் 3க்கும் இடையில் இருக்க வேண்டும். சில வால்வுகளுக்குச் சற்றுக் கூடுதல். அளவு மிகவும் ஏறியிருந்தால், அது இறங்கும்வரை சில நாள் பொறுப்போம். ரிவரொக்ஸபான், அபிக்ஸபான் போன்ற புதிய குளிசை எடுப்பவருக்கு, அன்றைய குளிசையை ஊசிக்குப் பின்னர் எடுக்கும்படி சிலவேளை சொல்லப்படலாம். தடித்த ஊசியால் உறிஞ்சி எடுக்கும் பயொப்சிக்கும் சத்திரசிகிச்சைக்கும் கணக்கு வேறு. எதுவானாலும் அதை உங்கள் வைத்தியர்களே கலந்து முடிவு செய்யவேண்டும்.

நீங்கள் செய்யவேண்டியவை சில. கிளினிக் கொப்பியையும் குளிசைகளையும் கையோடு கொண்டுவாருங்கள். மூட்டு வலிக்கு எடுக்கும் டைக்குளோபெனக், மீன் எண்ணெய், உள்ளிக் குளிசை, நாட்டு மருந்து எல்லாவற்றையும் சொல்லுங்கள். ஊசி முடிந்தபின் தாதி பத்து, பதினைந்து நிமிடம் அழுத்திப் பிடிக்கும்போது அவசரப்படாதீர்கள். சிகிச்சையின் முக்கிய பகுதியே அதுதான். அன்றிரவு இறுக்கமான பிரா அணியுங்கள். வலிக்கு அஸ்பிரின் வேண்டாம், பனடோல் போதும். இரண்டு நாள் தண்ணீர் வாளி தூக்குவதையும் தேங்காய் துருவுவதையும் வேறு யாரிடமாவது விடுங்கள். வீக்கம் பெருத்துக்கொண்டே போனாலோ, கட்டுத்துணி நனைந்தாலோ, அழுத்திப் பிடித்தபடி வைத்தியசாலைக்கு வாருங்கள்.

பழைய மாணவிகளுக்கு ஒரு சுவையான செய்தி. கெட்டுப்போன தீவனப் புல்லைத் தின்ற மாடுகள் இரத்தம் சிந்தி இறந்ததை அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்தபோது பிறந்த வழியில் வந்ததே வோர்பரின். 1948இல் எலி மருந்தாக விற்கப்பட்டது. 1954இல் மனிதருக்கு மருந்தானது. ஆய்வுக்குப் பணம் உதவியது விஸ்கொன்சின் பழைய மாணவர் ஆராய்ச்சி மன்றம். அம்மன்றத்தின் ஆங்கில முதலெழுத்துகளே அந்தக் குளிசையின் பெயரில் இருக்கின்றன. ஒரு பழைய மாணவர் சங்கத்தால் எவ்வளவு தூரம் போக முடிகிறது, பாருங்கள்.

எங்கள் சங்கத்தாலும் ஒரு காரியம் முடியும். வெளிநாட்டிலிருந்து இரவில் அம்மாவுடன் கதைக்கும் தங்கைமாரே, “குளிசையை இரண்டு நாள் விடுங்கோ அம்மா” என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். “இப்ப குளிசை எடுக்கிறியள், பயொப்சி பிறகு பார்ப்பம்” என்றும் சொல்லாதீர்கள். “குளிசையும் எடுங்கோ, கொப்பியையும் கொண்டு நாளைக்கே போங்கோ” என்று சொல்லுங்கள். இங்கிருக்கும் அக்காமார் 35 வயதைக் கடந்தவர்களானால், சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளில் நடக்கும் பெண்கள் நல கிளினிக்குக்குச் சென்று இலவசமாக மார்பகத்தைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.