எஞ்சின் சூடேறினால் என்ன செய்வது?



ஊர் திரும்பியதும் கூரைத் தகரம், கிணறு இறைப்பு, காணி துப்புரவு என்று வேலைகள் வரிசையாக நிற்கின்றன. எல்லாவற்றுக்கும் வாகனம் வேண்டும். உங்களில் பலரிடம் இருப்பது பழைய உழவு இயந்திரம், அல்லது பழைய லொறி. மாதக்கணக்கில் வெயிலிலும் மழையிலும் நின்று, இப்போதுதான் திரும்பவும் ஓடத் தொடங்கியிருக்கும். பாரம் ஏற்றியதும் அது சூடேறும். நான் கலைப்பீடத்தில் படித்தவள், ஸ்பானர் பிடித்தவள் அல்ல. கராச் வேலை தெரிந்தவர்களிடம் கேட்டு, பக்கத்தில் நின்று பார்த்ததைத்தான் சொல்கிறேன்.

வழியில் ஆவி கிளம்பினால் வீதி ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணையுங்கள். ஓரம் என்றால் வாகனங்கள் வழமையாகப் போய் வந்த தடத்துக்குள்ளேயே. நிழலுக்காகப் பற்றைக்குள் இறக்க வேண்டாம். தண்ணீர் தேடிப் பிள்ளைகளைப் பக்கத்துக் காணிக்கு அனுப்பவும் வேண்டாம். மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை கண்ணில் படவில்லை என்பதற்காக அங்கே மிதிவெடி இல்லை என்று ஆகிவிடாது. அதனால் புறப்படும்போதே இரண்டு கான் தண்ணீர் வாகனத்தில் இருக்கட்டும். ஒன்று குடிக்க, மற்றது எஞ்சினுக்கு.

றேடியேற்றர் மூடியில் கை வைக்காதீர்கள். உள்ளே அமுக்கம் இருப்பதால் தண்ணீர் 100 பாகையைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கும். மூடி கழன்றதும் அமுக்கம் போய்விடும், தண்ணீர் பொங்கி முகத்தில் அடிக்கும். குறைந்தது அரை மணி நேரம் பொறுங்கள். மேல் குழாயைத் தொட்டுப் பார்த்துச் சூடு ஆறியிருந்தால் மட்டும், மடித்த சாக்கை மூடிமேல் போட்டு, முகத்தை விலக்கிக்கொண்டு மெதுவாகத் திருப்புங்கள். யாருக்காவது சுட்டுவிட்டால் சுத்தமான தண்ணீரை 20 நிமிடம் ஊற்றி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். பற்பசை பூச வேண்டாம்.

கொதிக்கும் எஞ்சினில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் இரும்பு வெடிக்கலாம். ஆறிய பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள்.

இனிக் காரணத்தைத் தேடுவோம். நின்றுபோன வாகனத்தில் முதலில் பார்க்க வேண்டியது றேடியேற்றரின் முன்பக்கம். சேறு, புல் விதை, சிலவேளை குளவிக்கூடும் இருக்கும். காற்றுப் போக வழி இல்லை என்றால் எவ்வளவு தண்ணீர் விட்டாலும் பயன் இல்லை. எஞ்சின் பக்கமிருந்து வெளிப்பக்கமாகத் தண்ணீர் அடித்துக் கழுவுங்கள். தகடுகள் மெல்லியவை, கம்பியால் கிண்ட வேண்டாம். அடுத்தது றப்பர்க் குழாய்கள். வெயிலில் நின்றவை வெடித்திருக்கும், நசித்துப் பார்த்தால் தெரியும். பிறகு பான் பெல்ட். எஞ்சின் நிற்கும்போது நடுவில் பெருவிரலால் அமத்தினால் ஏறத்தாழ அரை அங்குலம் தாழ வேண்டும். அதற்கு மேல் தாழ்ந்தால் இறுக்க வேண்டும்.

எஞ்சின் நன்றாகச் சூடேறியும் கீழ்க் குழாய் குளிர்ந்தே இருந்தால் தெர்மோஸ்ரற் திறக்காமல் பிடித்திருக்கலாம், அல்லது றேடியேற்றர் உள்ளே அடைபட்டிருக்கலாம். தெர்மோஸ்ரற்றைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடுவது நம்மிடம் வழக்கம். வீடு வந்து சேர அது உதவும், நிரந்தரமாக அப்படி விடுவது நல்லதல்ல. கழற்றியதைச் சட்டித் தண்ணீரில் போட்டு அடுப்பில் வையுங்கள். கொதி வரும் முன்னரே திறந்தால் அது நல்லது, திரும்பப் பூட்டலாம்.

தண்ணீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. சுண்ணாம்புக் கிணற்றுத் தண்ணீர் கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிவதைக் கண்டிருப்பீர்கள். அதே படிவுதான் றேடியேற்றரையும் அடைக்கிறது. மாரியில் பிடித்து வைத்த மழைத் தண்ணீர் நல்லது. களப்புத் தண்ணீரையும் உவர்க் கிணற்றுத் தண்ணீரையும் விடவே வேண்டாம், இரும்பை அரித்துவிடும்.

ஒயில் குச்சியை இழுத்தால் பால் தேத்தண்ணீர் நிறத்தில் ஒயில் வருகிறதா? றேடியேற்றரில் விடாமல் குமிழி வருகிறதா? அப்படியென்றால் ஹெட் காஸ்கெட் போயிருக்கக்கூடும். அதற்கு மேல் ஒரு மைல்கூட ஓட்டாமல் கட்டி இழுத்துக்கொண்டு கராச்சுக்குப் போங்கள். காஸ்கெட் மாற்றுவதற்கு ஆகும் செலவு வேறு, எஞ்சினையே மாற்றுவதற்கு ஆகும் செலவு வேறு.

வெளியே வேப்பமரத்தின் கீழ் ஓர் உழவு இயந்திரம் காலையிலிருந்து ஆறிக்கொண்டு நிற்கிறது. தேத்தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள், அதன் பெல்ட்டை ஒவ்வொருவராக அமத்திப் பார்ப்போம். வண்டி ஓட்டாத அம்மாமாரும் வாருங்கள்.