அறிவியலில் முந்துவது யார்?

15 வயது மாணவர்களுக்காக 2006இல் 57 நாடுகளில் நடந்த பீசா அறிவியல் தேர்வில் அமில மழை பற்றி ஒரு பகுதி உண்டு. பளிங்குத் துண்டை இரவு முழுக்க வினிகரில் ஊறவைக்கிறார்கள். இன்னொரு துண்டை வெறும் தண்ணீரில் போடுவது ஏன்? இப்படிச் சோதனையின் நோக்கத்தைக் கேட்கும் வகைக் கேள்விகளில், ஓஇசிடி எனும் பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பின் உறுப்பு நாடுகளின் சராசரியில், மாணவிகள் 17 புள்ளி முந்தினார்கள். கந்தக ஆக்சைடு காற்றில் எப்படிக் கலக்கிறது என்பதுபோல் காரணம் கேட்டால், பையன்கள் 15 புள்ளி முந்தினார்கள். மொத்தத்தில் வித்தியாசம் வெறும் 2 புள்ளி.

பையன்களுக்குத்தான் இயல்பாகவே அறிவியல் வரும் என்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அப்படியானால் கேள்வி மாறியதும் முடிவு தலைகீழாவானேன்? மாணவிகளுக்குள்ளேயே இருக்கும் ஏற்றத்தாழ்வு இந்தப் புள்ளி வித்தியாசங்களைவிடப் பெரிது. சராசரியை வைத்து ஒரு பிள்ளையை எடைபோடுவது அநியாயம். ஆசிரியர்களே, காரணத்தை விளக்க மாணவியை எழுப்புங்கள். சோதனையைத் திட்டமிட மாணவனை அழையுங்கள்.