நிலத்தைப் படித்த மனிதர்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



சாலை போடுகிற இன்ஜினியருக்குச் சரித்திரத்தில் என்ன வேலைன்னு நீங்க கேட்கலாம். ஒரு ஊரையும் ஒரு மனிதரையும் பற்றிச் சொல்கிறேன். அப்புறம் முடிவு உங்களுடையது.

ஊர், இங்கிலாந்தின் தென்மேற்கிலுள்ள எக்சிடர். ரோமானியர் காலத்திலிருந்து இருந்துவரும் நகரம். மனிதர், வரலாற்றாசிரியர் டபிள்யூ. ஜி. ஹாஸ்கின்ஸ். 1908-ல் அங்கே ஒரு ரொட்டிக் கடைக்காரரின் மகனாகப் பிறந்து, அந்த ஊர்க் கல்லூரியிலேயே படித்தவர். பிறகு லெஸ்டர் கல்லூரியில் 1948-ல் உள்ளூர் வரலாற்றுக்கென்றே ஒரு துறையைத் தொடங்கினார். ராஜாக்கள் கதை அவருக்குப் பெரிசில்லை. வேலி, வரப்பு, வண்டிப்பாதை எல்லாமே படிக்கத் தெரிந்தவனுக்கு ஆவணம் என்பது அவர் கட்சி. 1955-ல் வந்த ‘இங்கிலாந்து நிலக்காட்சியின் உருவாக்கம்’ பற்றிய அவருடைய நூல் இதைத்தான் சொல்கிறது.

1942 மே மாதம் ஜெர்மன் விமானங்கள் எக்சிடர் மேல் குண்டு போட்டன. ஒரே இரவில் நடுநகரத்தில் பெரும்பகுதி எரிந்துபோச்சு. வளைவாகக் கட்டிய வீட்டு வரிசைக்குப் பேர்போன பெட்ஃபோர்டு சர்க்கஸும் அதில் அடக்கம். அங்கே தப்பி நின்ற வீடுகள் என்ன ஆச்சு? புது நகரம் கட்டுறோம்னு அதையும் இடிச்சுட்டாங்க! குண்டு போட்டவன் எதிரி. இடிச்சவங்க நம்மைப் போல வரைபடம் கையில் வைத்திருந்தவங்கதான்.

ஹாஸ்கின்ஸ் சும்மா இருக்கவில்லை. 1960-ல் தம் ஊரின் இரண்டாயிரம் ஆண்டு வரலாற்றை நூலாக எழுதினார். மிச்சமிருப்பதைக் காக்க ஊர்க்காரர்களைத் திரட்டி ‘எக்சிடர் குழு’ தொடங்கக் காரணமாக இருந்தார். வேலை முடிந்து ஓய்வுபெற்றதும் எக்சிடருக்கே திரும்பி வந்தார், 1992-ல் மறைந்தார்.

அதே ஊரில் 1961-ல் புதுச் சாலைக்குக் குறுக்கே ஒரு பழைய மரச்சட்ட வீடு நின்றது. இடிக்கவில்லைங்க! இரும்புச் சக்கரங்களில் ஏற்றி, மேட்டுத் தெருவில் இழுத்துக்கொண்டு போய் வேறிடத்தில் நிறுத்தினார்கள். இன்றும் அது நிற்கிறது. சாலையும் வந்தது, வீடும் பிழைத்தது. இரண்டையுமே செய்தது பொறியியல்தான்.

தம்பிகளே, தங்கைகளே, நாளைக்கு நீங்க லெவல் எடுக்கப் போகும் இடத்தில் ஒரு பாதை காரணமில்லாமல் வளைகிற மாதிரி தெரியும். கோடு இழுத்து நேராக்குவதற்கு முன்னால், ஏன் வளைந்ததுன்னு அந்த ஊர்ப் பெரியவர் ஒருவரைக் கேளுங்க. அதற்கு அரைநாள் போதும். இடித்ததைத் திரும்பக் கட்ட எந்த எஸ்டிமேட்டும் போதாது.