எந்திர மனிதன் எங்கே இறங்க வேண்டும்?
(விக்கிரவாண்டியில் பேசியதன் சாரம்)



எந்திர மனிதனைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் சிலர் சிரிக்கிறீர்கள். சினிமா ஞாபகம் வந்திருக்கும். 2010-ல் வந்த "எந்திரன்" படத்திலே சிட்டி என்னும் எந்திர மனிதன் ஆடிற்று, பாடிற்று, சண்டை போட்டது, ஒரு பெண்மேல் காதலும் கொண்டது. சுஜாதாவின் "என் இனிய இயந்திரா"விலே ஜீனோ என்ற எந்திர நாய் மனிதருக்கே புத்தி சொல்லுகிறது. எல்லாம் சரி, இவற்றில் ஒன்றாவது சாக்கடைக்குள் இறங்கிற்றா? நம் கற்பனைகூட அந்தப் பக்கம் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் போகிறது!

"ரோபோ" என்ற வார்த்தை காரெல் சாப்பெக் என்னும் செக் நாட்டார் 1920-ல் எழுதிய நாடகத்திலிருந்து வந்தது. கட்டாய ஊழியம் என்பது அதன் மூலப்பொருள். நாம் "வெட்டி" என்போமே, அதுதான். அவர்கள் வெட்டி செய்ய எந்திரத்தைக் கற்பனை செய்தார்கள். நமக்கோ அந்தக் கற்பனைக்கு அவசியமே ஏற்படவில்லை. ஏன்? பிறக்கும்போதே ஒரு ஜாதியாரை அவ்வேலைக்கென்று ஒதுக்கி வைத்துவிட்டோமல்லவா?

இன்று எந்திரம் இல்லாமலில்லை. 2018-ல் திருவனந்தபுரத்து இளைஞர்கள் "பேண்டிகூட்", அதாவது பெருச்சாளி என்று பெயரிட்டு ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அது குழிக்குள் இறங்கும், காமிராவால் பார்க்கும், விஷவாயு இருந்தால் தெரிவிக்கும், கசடை வாரி மேலே அனுப்பும். கும்பகோணத்திற்கும் வந்தது. 2022-ல் சென்னை ஐ.ஐ.டி.யார் "ஹோமோசெப்" என்ற எந்திரத்தை வெளியிட்டார்கள். தொட்டியில் இறுகிப்போன கசடைச் சுழலும் கத்தியால் கலக்கி உறிஞ்சுவது அது. ஆனால் எத்தனை ஊரில் இவற்றைப் பார்த்திருக்கிறீர்கள்?

நம் விக்கிரவாண்டி சுங்கச்சாவடியைப் பாருங்கள்! 2021 பிப்ரவரியில் கட்டாயமாக்கினார்கள். கார்க் கண்ணாடியில் ஒட்டிய சீட்டை எந்திரம் படித்துப் பணத்தை எடுத்துக்கொள்ளுகிறது. காசு வாங்க எந்திரம் நாடெங்கும் வந்துவிட்டது. மலக்குழிக்கு மட்டும் மனிதன்! 2013-லேயே சட்டம் தடுத்தது. பத்து வருஷத்திற்குப் பிறகும், 2023-ல், சாக்கடையில் சாகிறவர் குடும்பத்திற்கு 30 லட்சம் ரூபாய் கொடு என்று சுப்ரீம் கோர்ட் சொல்லவேண்டியிருந்தது. அந்தப் பணத்தைக் குழியில் செத்த பிறகு கொடுப்பதைவிட, முன்னாலேயே எந்திரம் வாங்கினாலென்ன?

"அவர்கள் பிழைப்புப் போய்விடாதா?" என்று ஒரு தோழர் சீட்டு எழுதிக் கேட்டிருக்கிறார். பேண்டிகூட்டை ஓட்டுவதற்கு, முன்பு குழியில் இறங்கியவர்களுக்கே பழக்கிக் கொடுத்தார்கள். அவர் இப்போது மேலே, காற்றில் நின்றுகொண்டு, கண்ணாடித் திரையைப் பார்த்து விசையைத் திருப்புகிறார். கூலியும் அவருக்குத்தான்.