கடைசி வாங்கில் இருந்தவள்

(நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



முன்பள்ளியை நாம் இன்றும் ‘மொண்டிசோரி’ என்றே சொல்கிறோம். அந்தப் பெயருக்குரியவர் ஒரு வைத்தியர் என்பதைப் பலர் அறிந்திருப்பதில்லை.

மரியா மொண்டிசோரி 1896இல் உரோம் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றவர். மனநோய் வைத்தியப் பிரிவில் பணியாற்றியபோது, அறிவு வளர்ச்சி குன்றியவர்கள் என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைகள் பெரியவர்களோடு அடைபட்டிருப்பதைக் கண்டார். இவர்களுக்கு மருந்தைவிடக் கல்வியே தேவை என்று 1898இல் தூரின் நகரக் கல்வி மாநாட்டில் வாதிட்டார். 1900இல், இப்பிள்ளைகளுக்குக் கற்பிக்க ஆசிரியர்களைப் பயிற்றும் பாடசாலையின் பொறுப்பை இன்னொருவருடன் சேர்ந்து ஏற்றார். பின்னர், முப்பது வயது கடந்தும், மீண்டும் பல்கலைக்கழக மாணவியானார், அங்கேயே விரிவுரையாளருமானார். 1907 ஜனவரியில் சான் லொரென்சோ என்ற ஏழைக் குடியிருப்பில் சிறுவர் இல்லத்தைத் திறந்தார். விசேட கல்வியில் கண்டறிந்தவையே எல்லாப் பிள்ளைகளுக்குமான முன்பள்ளிக் கல்வியாயின. 1939இல் சென்னை அடையாறுக்கு வந்தவர், போர்க்காலத்தில் இலங்கையிலும் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார்.

இதை ஏன் இங்கே சொல்கிறோம்?

எங்கள் வகுப்பில் கடைசி வாங்கில் ஒருத்தி இருந்தாள். கரும்பலகையில் உள்ளதைப் பார்த்து அழகாக எழுதுவாள். வாசிக்கச் சொன்னால் அழுவாள். ‘மக்கு’ என்று சிரித்தோம். ஒருநாள் அவள் வரவில்லை, பிறகு வரவேயில்லை. நாங்கள் ஏனென்று கேட்கவில்லை. மருத்துவபீடம் கிடைத்தபோது எங்களுக்கு மாலை போட்டார்கள்.

வைத்தியர்களான பின்பும் நாங்கள் உடனே திருந்தவில்லை. “பிள்ளை இன்னும் கதைக்குதில்லை” என்று கிளினிக்குக்கு வந்த தாய்மாரை, “கதைக்கும் அம்மா, பொறுங்கோ” என்று திருப்பி அனுப்பியிருக்கிறோம். அந்தப் பொறுத்தலில் பிள்ளையின் அருமையான காலம் போனது. இரண்டு வயதில் இரு சொற்களைச் சேர்த்துச் சொல்லாத பிள்ளைக்கு, காது கேட்கிறதா என்று முதலில் பரிசோதிக்க வேண்டும். பிறந்தவுடன் தரப்படும் சுகாதார விருத்திப் பதிவேட்டில் நிறையை மட்டும் பாராமல், விருத்திப் படிகளையும் பாருங்கள்.

விசேட கல்வி, மருத்துவபீடம் கிடைக்காதவர்களுக்கான படிப்பு அல்ல. மருத்துவம் படித்தவரே தேடிப்போன துறை அது. கட்டடத்துக்கு நிதி சேர்க்கும் நாம், வருடத்துக்கு ஒரு மாணவியையாவது இத்துறையில் பட்டம் பெறவும் ஆய்வு செய்யவும் அனுப்புவோமா? அவள் திரும்பி வந்து முதலில் கடைசி வாங்கைப் பார்க்கட்டும்.