ஊர் எல்லையும் வாக்குச் சீட்டும்

(வெம்பாக்கத்தில் நடைபெற்ற நமது சங்கக் கூட்டத்தில் செய்த பிரசங்கம்)



தறியில் அமரும் நமக்கு ஓர் உண்மை பாலப்பருவம் முதலே தெரியும். அச்சில் ஓரிழை இடம் மாறிப் புகுந்தால், அக்குற்றம் சேலையின் நீளம் முழுதும் தொடர்ந்து வரும். வார்டு எல்லையும் அத்தகையதே. கோடு ஒருமுறை பிசகினால், அதன் பலனை ஐந்து வருஷம் அநுபவிக்க வேண்டும். ஆதலின் தேர்தல் நிர்வாகத்தில் பூகோளப் படம் செய்யக்கூடிய உபகாரத்தைக் குறித்து இன்று சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம்.

2019 டிசம்பரில் நம் திருவண்ணாமலை ஜில்லாவின் கிராமங்களில் ஒவ்வொருவரும் நான்கு வாக்குகள் அளித்தோம். ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்புச் சீட்டு. ஒன்றியக் குழு உறுப்பினருக்குப் பச்சை. ஜில்லா ஊராட்சி உறுப்பினருக்கு மஞ்சள். ஊராட்சி வார்டு உறுப்பினருக்கு வெள்ளை அல்லது நீலம். ஆகவே ஒரே வீடு ஊராட்சி வார்டு, ஒன்றிய வார்டு, ஜில்லா வார்டு என்னும் மூன்று கோடுகளுக்குள் ஒருங்கே அடங்க வேண்டியிருக்கிறது.

ஸ்தல ஸ்தாபனத் தேர்தலுக்குரிய வாக்காளர் பட்டியல் புதிதாக எழுதப்படுவதன்று. சட்டசபைப் பட்டியலை எடுத்து, அதிலுள்ள பெயர்களைத் தெருத் தெருவாக வார்டுகளுக்குப் பங்கிடுகின்றனர். தெரு முழுதும் ஒரே வார்டில் இருந்தால் சங்கடமில்லை. கோடு தெருவின் நடுவே சென்றாலோ, பெயர்கள் இடம் மாற வழி ஏற்படுகிறது. நம் குடும்பத்திலேயே ஒரு தேர்தலில் மகன் பெயர் ஒரு வார்டிலும், அதே வீட்டில் வாழும் தாயார் பெயர் அடுத்த வார்டிலும் இருந்தன. அம்மூதாட்டியார் மகனுடன் நடந்து சென்று, "உமக்கு இங்கே வாக்கில்லை" என்று கேட்டு, மறு சாவடிக்குச் செல்ல வலுவின்றி வீடு திரும்பினார். அவர் அன்று சிந்திய கண்ணீரை நாம் மறக்கவில்லை.

எல்லை வகுப்பது சிறு காரியமன்று என்பதற்கு நம் அண்டை ஜில்லாவே சாட்சி. ஜில்லாக்கள் பிரிக்கப்பட்டு, அதற்கேற்ப வார்டுகள் மறுவரையறை செய்யப்படாமையால், காஞ்சீபுரம் உட்பட ஒன்பது ஜில்லாக்களில் தேர்தலை நிறுத்தி வைக்குமாறு 2019 டிசம்பர் 6-இல் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. பின்னர்த் தொற்றுநோயும் வந்தது. 2021 அக்டோபரிலேதான் அங்கே கிராமத் தேர்தல் நடந்தது. நாம் வாக்களித்த பின் ஏறக்குறைய இருபத்திரண்டு மாதம் அவர்கள் காத்திருந்தனர்!

இதற்குப் பரிகாரம் யாது? படமே. நிலத்தை அளப்பது நம் நாட்டுக்குப் புதிதன்று. 1802-இல் லாம்டன் என்பார் சென்னைப் பரங்கிமலையருகே அடிக்கோடு அளந்து, பெரிய முக்கோண அளவைப் பணியைத் தொடங்கினார். இன்று செயற்கைக்கோள் படத்தின்மேல் புல எல்லை, தெரு, வீடு, ஜனத்தொகை, சாவடி ஆகியவற்றை அடுக்கடுக்காகக் கணினியில் பொருத்தலாம். எந்த வீடு எக்கோட்டுக்குள் விழுகிறது, சாவடி எவ்வளவு தூரம் என்பவை உடனே விளங்கும். கேரளத்தில் 2024-இல் தொடங்கிய வார்டு மறுவரையறையில் 'கியூஃபீல்டு' என்னும் செயலியைக் கொண்டு வார்டுகளின் படங்களைத் தயாரித்தனர்.

ஆயினும் படத்தைத் தெய்வமாக எண்ண வேண்டா. கைபேசி காட்டும் இடம் திறந்த வெளியிலும் சுமார் 5 மீட்டர் பிசகலாம். நெருங்கிய வீடுகளிடையே இன்னும் அதிகம். நம் குறுகிய தெருக்களில் அவ்வளவே எதிர் வீட்டுக்குப் போதும். கெட்ட எண்ணத்தோடு வரையப்படும் கோடும் உண்டு. 1812-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் ஆளுநர் கெர்ரி தம் கட்சிக்கு அநுகூலமான தொகுதிப் பிரிவினைக்குக் கையொப்பமிட்டார். அவற்றுள் ஒரு தொகுதி பல்லி போன்ற ஒரு பிராணியின் வடிவாய் இருந்ததென்று பத்திரிகைகள் பரிகசித்தன. கணினி, நேர்மையான கோட்டையும் வஞ்சகக் கோட்டையும் ஒரே வேகத்தில் வரையும். படம் யாவரும் காணுமாறு வெளியாதலே அதற்குக் காவல்.

சகோதரர்களே! நம் ஊராட்சிகளில் 2019-இல் தேர்ந்தெடுக்கப்பட்டோரின் ஐந்தாண்டுக் காலம் 2025 ஜனவரியில் முடிவுற்றது. எல்லை வரைவு எப்பொழுது வெளிவந்தாலும் வாளாவிருத்தல் தகாது. தெருவுக்கு இரு வாலிபர்களாகச் சேர்ந்து, வரைவைக் கையிலேந்தி வீடு வீடாக நடந்து பார்க்க வேண்டும். பிசகு கண்டால், கெடு முடியுமுன் ஆட்சேபத்தை எழுத்து மூலம் கொடுக்க வேண்டும். நம் தெருவுக்கு மட்டுமன்று. அடுத்த தெருவார் எக்குலத்தவராயினும் அவர்களுக்காகவும் பார்க்க வேண்டும். ஏனெனில் கோட்டின் இருபுறமும் இருப்பது ஓரூரே.

பாவு பூட்டும் முன்னரே இழையைச் சரிபார்ப்போம். நெய்து முடித்த பின் வருந்திப் பயனில்லை.